விழாத பல்

செம்பொட்டலில் மிச்சமிருந்த கடைசிப் பசுமாட்டை வியாபாரி ஓட்டிக்கொண்டு போன வருஷம்தான் சுகந்தியின் கீழ்வரிசை முன்பல் ஆட ஆரம்பித்தது. ஆறு வயசுப் பிள்ளைக்குப் பல் ஆடுவதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அதிசயம் ஒன்றும் இல்லை, ஊரில் ஆடுவதற்கு அந்த ஒரு பல்லைத் தவிர வேறு பல்லே இல்லை என்பதுதான் விஷயம். பெருசுகள் வாயில் ஆடிய பற்களெல்லாம் எப்போதோ விழுந்து, வெற்றிலையை இடித்துத் தின்கிற காலம் வந்துவிட்டது. பிள்ளைகள் வாயில் ஆட வேண்டிய பற்களெல்லாம் அப்பன் ஆத்தாளோடு பஸ் ஏறி, திருப்பூர் லைன் வீடுகளிலும் சென்னைக் கட்டடக் கொட்டகைகளிலும் ஆடிக்கொண்டிருந்தன. மழை தப்பிய வருஷம் ஒரு வீடு பூட்டிக்கொண்டது, மழை கொட்டிய வருஷம் அறுக்க ஆளில்லாமல் இன்னொரு வீடு பூட்டிக்கொண்டது, பெய்தாலும் பூட்டு காய்ந்தாலும் பூட்டு என்று ஆகி, பூட்டிய வீட்டு வாசலிலெல்லாம் சீமைக்கருவேலம் முளைத்து நிலைப்படி வரைக்கும் வந்து நின்றது.

சுகந்தியின் அம்மா இருளாயி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். ஒரு காலத்தில் ரெண்டு ஆள் பிடித்து இறக்குகிற அண்டாவில் சோறு வடித்தவள், வருஷா வருஷம் பாத்திரத்தைச் சின்னதாக மாற்றி மாற்றி, கடைசியில் ஒரு கைச்சட்டியில் தன் மகளுக்கு மட்டும் பொங்கி, அதைப் பள்ளிக்கூடத்துத் தட்டில் போட்டு, பெற்ற பிள்ளையிடம் அரசாங்கத்தின் சார்பாக ‘சாப்பிடு பாப்பா’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியர் அற்புதராஜ் சார் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, ஒற்றைப் பிள்ளை உட்கார்ந்திருக்கிற வகுப்பில் நின்று, ‘எல்லாரும் கவனிங்க’ என்றுதான் பாடத்தைத் தொடங்குவார், பழக்கம் அப்படி. பள்ளிக்கூடம் இருந்ததால் காலையும் சாயங்காலமும் பஸ் வந்தது. பஸ் வந்ததால் பெருசுகள் பிரஷர் மாத்திரை வாங்கப் போய்வர முடிந்தது, ரேஷன் கடைக்காரன் வாரம் ஒருநாளாவது கதவைத் திறந்தான், தபால்காரன் எட்டிப் பார்த்தான். மொத்த ஊரும் அந்தப் பிள்ளையின் தலைமேல் உட்கார்ந்திருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இது போதாதென்று கண்மாய் வேறு. செம்பொட்டல் கண்மாயின் மடையில் மடைக்காரி என்று ஒரு அம்மன் இருக்கிறாள், கல்லும் மஞ்சளும்தான், கூரைகூடக் கிடையாது. வருஷத்தில் முதல் தண்ணீர் திறக்கும்போது, பால்பல் விழாத பிள்ளை ஒன்று மடைக்கம்பியில் கைவைத்த பிறகுதான் பெரியவர்கள் அதை இழுக்கலாம். பல் விழுந்த பிள்ளை பொய் சொல்லப் பழகிவிடும், அதன் கையை மடைக்காரி நம்பமாட்டாள் என்பார்கள். முன்பெல்லாம் எந்தப் பிள்ளை கைவைப்பது என்று வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும், ஒரு வருஷம் மண்டைகூட உடைந்திருக்கிறது. இப்போது சண்டை போட ஆள் ஏது, சுகந்தி ஒருத்திதான். அவள் பல்லும் ஆடிவிட்டது என்றதும் ஊரே அவள் வாயைப் பார்க்க வந்துவிட்டது.

ஊர்த்தலைவரான அம்பலம் சேவுகன் வெள்ளிக்கிழமை எல்லோரையும் மடைக்குக் கூப்பிட்டார். புது வேட்டியை மஞ்சளில் முக்கிக் காயவைத்து, சுகந்தியை அம்மன் முன்னால் உட்காரவைத்து, வீட்டுக்கு ஒரு ஆளாக வந்து, வேட்டியின் ஓரத்தில் ஒரு விதைநெல்லை வைத்து முடிந்தார்கள். இந்தப் பிள்ளையின் பல் விழக்கூடாது, இதுதான் வேண்டுதல். புதுசாகக் கல்யாணமான செல்லப்பாண்டி தன் முடிச்சைப் போட்டுவிட்டு, கொஞ்ச நாள் பொறுத்துக்கோ மடைக்காரி, அடுத்த பிள்ளையை நாங்க பெத்துத் தர்றோம் என்று சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது, அவன் பெண்டாட்டி ஜோதிமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அற்புதராஜ் சார்கூட மனசுக்குள் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு முடிச்சுப் போட்டார். இருளாயி தன் வீட்டுக்காகப் போட்டாள். புருஷன் கோட்டைச்சாமி திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தான். பிள்ளை ஐந்தாவது முடித்தால் டவுன் ஹாஸ்டலுக்கு அனுப்ப வேண்டும், பள்ளிக்கூடம் மூடினால் தன் வேலை போகும், வேலை போனால் தானும் பஸ் ஏற வேண்டும் என்கிற பயம் எல்லாவற்றையும் சேர்த்து, எல்லோரையும்விட இறுக்கிப் போட்டாள். எதுவரைக்கும் விழக்கூடாது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

மடைக்காரி கேட்டதைக் கொடுக்கிறவள், கேட்டதை மட்டும் கொடுக்கிறவள். பல் விழவில்லை. ஆடிய பல் ஆடிக்கொண்டே இருந்தது. சுகந்தி யோசிக்கும்போதெல்லாம் நாக்கு நுனியால் அதை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே யோசித்தாள். அந்த வருஷம் போனது, பல் விழவில்லை. அடுத்த வருஷம் போனது, பல் விழவில்லை, பாவாடையின் மடிப்பைப் பிரித்துவிட வேண்டிய அவசியமும் வரவில்லை. பல் விழாத பிள்ளை எப்படி வளரும், வளர்ந்தால் பல் விழுந்துவிடாதா என்று ஊர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அதன் பிறகு செம்பொட்டல் அந்தப் பிள்ளையை வைத்து எப்படியெல்லாம் பிழைத்தது என்று சொல்ல வந்தால் மூச்சு வாங்கும். அற்புதராஜ் சார் ஒவ்வொரு ஜூன் மாசமும் ஒரே பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் புதுசாகச் சேர்த்தார், அவளும் ஒவ்வொரு ஜூன் மாசமும் அனா ஆவன்னாவை முதல்முறை கேட்கிறவள் மாதிரி ஆசையாகக் கேட்டாள். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, ஆனால் அத்தனையும் ஆறு வயசுக்காரியின் ஞாபகம், நேற்றைக்கும் போன தீபாவளிக்கும் வித்தியாசம் தெரியாத ஞாபகம். மகனும் மருமகளும் ஊரைவிட்டுப் போன வீடுகளில் கிழடுகள் முறை வைத்துக்கொண்டு அவளைக் கூட்டிப்போய்த் தலைவாரி, பொட்டு வைத்து, வராத பேத்திக்கென்று தாங்கள் வாங்கி வைத்த கொலுசைக் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்துக் கழற்றிக்கொண்டு அனுப்பினார்கள். ஐஸ்காரன் அந்த ஒரு பிள்ளைக்காக அத்தனை தூரம் சைக்கிள் மிதித்தான். பிள்ளை இல்லாத பக்கத்து ஊர்க்காரர்கள் முளைப்பாரி எடுக்கவும், கல்யாண மணையில் பக்கத்தில் உட்காரவைக்கவும் அவளை இரவல் கேட்டு வந்தார்கள். செம்பொட்டலுக்கு அதில் ஒரு பெருமை, உங்க ஊர்ல இருக்கா இப்படி ஒண்ணு என்கிற மாதிரி.

சாவுக்குத்தான் அவள் அதிகம் தேவைப்பட்டாள். பேரன் பேத்தி நெய்ப்பந்தம் பிடித்தால்தான் போகிற உயிருக்கு வழி தெரியும் என்பது வழக்கம்; பேரன்மார் லீவு கிடைக்காமல் திருப்பூரில் இருந்தார்கள், அல்லது பிறக்கவே இல்லை. ஆகவே ஊரில் விழுந்த ஒவ்வொரு பிணத்துக்கும் சுகந்திதான் பேத்தி. நெய் கையில் வழியாமல் பந்தத்தை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், எந்தச் சுற்றில் தாத்தா என்று அழைக்க வேண்டும், எப்போது அழ வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எழவு வீட்டிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு, அடுத்து யாரும்மா என்று கேட்பாள். அந்தக் கேள்வியைக் கேட்டு இருளாயிக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.

கோட்டைச்சாமி நல்லவன்தான். தீபாவளிக்குத் தீபாவளி வந்தான், வரும்போதெல்லாம் மகள் வளர்ந்திருப்பாள் என்று போன வருஷத்தைவிட ஒரு சைஸ் பெரிய கவுனாக வாங்கி வந்தான். சிவப்பு, அதற்கப்புறம் ஊதா, அதற்கப்புறம் ஜிகினா வைத்த பச்சை. பிள்ளை அதற்குள் நின்றால் தலை மட்டும் தெரியும். ஒரு தீபாவளிக்குத் தாவணி செட் ஒன்றைக் கொண்டுவந்து, பிள்ளையைப் பார்த்தான், தாவணியைப் பார்த்தான், வாசலில் உட்கார்ந்து கைக்குழந்தை மாதிரி அழுதான். எனக்கு மட்டும் நரைக்குதேடி, நான் மட்டும் கெழவனாப் போறேனேடி என்றானாம். அதற்கப்புறம் அவன் வரவில்லை, பணம் மட்டும் வந்தது, பிறகு அதுவும் வரவில்லை. அங்கே வேறு ஒருத்தியோடு இருக்கிறான் என்று சொன்னார்கள். கவுன்களையும் தாவணியையும் இருளாயி மடித்துத் தகரப்பெட்டியில் வைத்து, அந்துருண்டை போட்டு மூடினாள்.

அவளை உலுக்கிவிட்டது ஒரு கல்யாணப் பத்திரிகை. மதுரையில் இருக்கிற அவள் தம்பியின் மகள் மகேஸ்வரியும் சுகந்தியும் ஒரே மாசத்தில் பிறந்தவர்கள், ஒரே தொட்டிலில் தலைமாடு கால்மாடாகக் கிடந்தவர்கள். அந்த மகேஸ்வரி சடங்கானபோது இருளாயி சீர் கொண்டுபோய் மணையில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள், சரி போகட்டும் என்று இருந்துவிட்டாள். இப்போது மகேஸ்வரிக்குக் கல்யாணம். தம்பி வெற்றிலை பாக்கோடு வந்து பத்திரிகை வைத்துவிட்டுக் கிளம்பும்போது, சுகந்தி அதில் இருந்த பிள்ளையார் படத்தை விரலால் தடவி, இது யாருக்கும்மா என்று கேட்டாள். மகேஸ்வரிக்கு என்றாள் இருளாயி. எனக்கு எப்பம்மா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் வாசலில் கோழியைத் துரத்தப் போய்விட்டது அந்தப் பிள்ளை. இருளாயி பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். அப்படியே மடைக்குப் போய், மஞ்சள் போய்ச் சாயம் வெளுத்துக் கிடந்த அந்த வேட்டியில் தன் முடிச்சைத் தேடிப்பிடித்து, நகம் பிய்ய அவிழ்த்தாள். உள்ளே இருந்த நெல் வெறும் உமியாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பிள்ளையின் பல் ஒரு நூல் அளவு கூடுதலாக ஆடியது.

பூசாரி சோணைமுத்து சொன்னார், கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும், அந்தக் கை மண்ணுக்குப் போயிருந்தால் அந்த ரத்தத்தில் வந்த கை அவிழ்க்கலாம், வேற்றுக்கை பட்டால் இன்னும் இறுகத்தான் செய்யும் என்று. இருளாயி வீடு வீடாகப் போனாள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை, அதுதான் கொடுமை. தை பிறக்கட்டும் என்றார்கள், மூட்டுவலி குறையட்டும் என்றார்கள், பேரனுக்கு ஒரு பிள்ளை பிறந்து இங்கே வந்துவிடும் போலிருக்கிறது, அதுவரைக்கும் பார்ப்போம் என்றார்கள். பஸ்ஸை நினைத்துக்கொண்டார்கள், மாத்திரையை நினைத்துக்கொண்டார்கள், தங்கள் பிணத்துக்குப் பந்தம் பிடிக்க யார் என்று நினைத்துக்கொண்டார்கள். அம்பலம் சேவுகன் ஒருத்தர்தான் மூடி மறைக்காமல் பேசினார்.

“இந்தா பாரு இருளாயி. வளந்தா உனக்கு ஒரு புள்ள. வளராட்டி ஊருக்கே ஒரு புள்ள. எது பெருசுன்னு நீயே சொல்லு.”

“எனக்கு என் புள்ளதான் மாமா பெருசு,” என்றாள் இருளாயி.

சேவுகன் கோபப்படவில்லை. நீ சொல்றதும் நெசந்தான் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார், முடிச்சு அப்படியே இருந்தது.

ஊர் அவிழ்க்காததை அரசாங்கம் அவிழ்த்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாப் பள்ளிக்கூடத்துக் கணக்கையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஓட்டுப் போடுகிற வயசு வந்துவிட்டதே என்று அந்த மெஷின் கேட்டது. அதிகாரி ஒருத்தர் ஜீப்பில் வந்தார், பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார், பல்லைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார், அவருக்கும் ஆச்சரியம் எதுவும் இல்லை. பிள்ளை சின்னதுதாம்மா, ஆனா வயசு கூடிருச்சே, நான் என்ன பண்ண முடியும் என்று வருத்தமாகச் சொல்லிவிட்டுப் பெயரை அடித்தார். மறு மாசம் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. அதற்கடுத்து பஸ் நின்றது. பஸ் நின்றதும் ரேஷன் கடைக்காரன் நின்றுகொண்டான். பிள்ளை வளராமல் இருந்தும் ஊர் நிற்கவில்லை என்றான பிறகு, முடிச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மிச்சமிருந்தவர்கள் ஒவ்வொருத்தராக, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், வந்து அவிழ்த்துவிட்டுப் போனார்கள். சேவுகன் கடைசியாக வந்தார். அவிழ்த்து முடித்ததும் சுகந்தியின் காலைத் தொட்டார், அவள் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். அந்தக் கோடையிலேயே அவர் போய்ச் சேர்ந்தார், அவருக்கும் அவள்தான் பந்தம் பிடித்தாள்.

முடிச்சுப் போட்ட பிறகு பூட்டிக்கொண்ட வீடுகளின் முடிச்சுகள்தான் பாக்கி. இருளாயி மகளையும் தகரப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு திருப்பூருக்கு ரயில் ஏறினாள். அங்கே போய்ப் பார்த்தால் கோட்டைச்சாமியைத் தவிர செம்பொட்டல் மொத்தமும் ஒரே சந்தில் இருந்தது. ஊரில் எந்தக் காலத்திலும் இல்லாத அளவுக்கு நெருக்கியடித்து, ஒரு வீட்டுக்காரன் இருமினால் இன்னொரு வீட்டுக்காரன் தண்ணீர் எடுத்து நீட்டுகிற நெருக்கத்தில் இருந்தது. ஒரு பாயில் பகல் ஷிப்டுக்காரன் எழுந்ததும் ராத்திரி ஷிப்டுக்காரன் படுத்தான், பாய் ஆறுவதே இல்லை. குடிதண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாமல் குடங்கள் வாசலில் ஆட்களைவிடப் பொறுமையாக வரிசையில் நின்றன. சந்துக்குப் பின்னால் ஆறு ஒன்று ஓடியது, எந்தச் சாயத்தில் பனியன் முக்குகிறார்களோ அந்த நிறத்தில் ஓடியது, சுகந்தி அதைப் பார்த்து, அம்மா, அப்பா வாங்கிட்டு வந்த ஊதாக் கவுனு தண்ணியா ஓடுது என்றாள். இத்தனை ஜனம் இருந்தும் அந்தச் சந்தில் பிள்ளைச் சத்தம் கம்மி. ஒன்று பெற்றவர்கள் அதை ஹாஸ்டலில் விட்டிருந்தார்கள், பெறாதவர்கள் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார்கள், வீட்டுக்காரர்கள் கைக்குழந்தை இருந்தால் வீடு கிடையாது என்றார்கள். ஊரில் இடம் கிடந்தது, ஆளில்லை. இங்கே ஆள் கிடந்தது, பெற்றுப் போட இடமில்லை.

அவளைப் பார்த்ததும் எல்லோரும் இருளாயி மதினி வந்துருச்சு என்று ஓடி வந்தார்கள், சுகந்தியைத் தூக்கிக் கொஞ்சினார்கள், வைத்த இடத்தில் வைத்த மாதிரி இருக்கிறாளே என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். அவர்களுக்கும் ஊர் என்றால் அந்தப் பிள்ளைதான். முடிச்சு என்றதும் முகம் மாறியது. லீவு போட்டால் வேலை போய்விடும் என்பதும் நிஜம், வந்துபோக ஆகிற செலவும் நிஜம். இருளாயி அங்கேயே பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். ஆள் விடாமல் கேட்டு, கெஞ்சி, திட்டி, அழுது, பொங்கலுக்குப் பொங்கல் ஒரு வேன் பிடித்துச் சிலரையாவது கூட்டிப்போய் மடையில் நிறுத்தினாள். செத்தவர்களுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். அற்புதராஜ் சாரின் மகள் கோயமுத்தூரிலிருந்து வந்து, எங்கப்பா கடைசி வரைக்கும் இதைச் சொல்லித்தான் அழுதார் என்று சிலுவை போட்டுக்கொண்டு அவிழ்த்தாள். ஒவ்வொரு முடிச்சு அவிழும்போதும் பல் ஒரு நூல் கூடுதலாக ஆடியது. இதற்குள் வருஷங்கள் போய்விட்டன. சந்தில் சுகந்தியோடு நொண்டி விளையாடிய பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் அவளைவிட்டு உயரமாகப் போனார்கள், அவள் புதுசாக வந்தவர்களோடு விளையாடினாள், பிறகு புதுசாக யாரும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கேட்டால் சர்ட்டிபிகேட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். டவுனில் ஒரு பல் டாக்டர் இடுக்கியைப் போட்டு இழுத்துப் பார்த்தார், வியர்த்துப்போய், இது வேற எங்கயோ வேர் விட்டிருக்கும்மா என்று காசு வாங்காமல் அனுப்பினார்.

கடைசியில் ஒரே ஒரு முடிச்சு நின்றது. செல்லப்பாண்டி போட்டது.

செல்லப்பாண்டி செத்துப் போயிருந்தான், நுரையீரலில் பஞ்சு சேர்ந்து. ஜோதிமணி மட்டும் அந்தச் சந்தின் கோடியில் ஒரு அறையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள், கண்ணாடி போட்டு, காதோரம் நரைத்து. பிள்ளை பெற்றுக்கொள்ள முதலில் வாடகை வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை, அப்புறம் வேறு வீட்டுக்கு முன்பணம் சேரட்டும் என்று தள்ளிப்போட்டார்கள், அப்புறம் மிஷின் வாங்கிய கடன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்கள், அப்புறம் பார்த்தபோது உடம்பு சம்மதிக்கவில்லை. ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த கதையை அவள் ஊசியை நிறுத்தாமலே சொன்னாள். வருகிறாயா என்று இருளாயி கேட்டதும் மறுபேச்சில்லாமல் கிளம்பி வந்தாள். மடையில் உட்கார்ந்து, புருஷன் போட்ட முடிச்சை வெளிச்சத்தில் பிடித்து, பொத்தான் துளையில் பழகிய அந்த விரல்களால் நெண்டி நெண்டிப் பார்த்தாள். அது இறுகியதே தவிர இளகவில்லை. சோணைமுத்து சொன்னதுதான், பெண்டாட்டியானாலும் வேற்றுக்கை. கத்தரிக்கோல் போட்டார்கள், வாய் மழுங்கியது. தீ வைத்தார்கள், தீ சுற்றிவிட்டுப் போனது.

“என் வயித்துல ஒண்ணு இருந்திருந்தா இந்நேரம் வந்து அவுத்துருக்கும்க்கா,” என்றாள் ஜோதிமணி. “அடுத்த புள்ளைய நாங்க பெத்துத் தர்றோம்னு சிரிச்சுக்கிட்டே கட்டுனாரு. என்னைய மன்னிச்சுரு.”

மன்னிக்க என்ன இருக்கிறது? இருளாயி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், ரெண்டு பேரும் அழுது தீர்த்தார்கள், சுகந்தி ரெண்டு பேர் முதுகையும் மாறி மாறித் தடவிக்கொடுத்தாள். எழவு வீட்டில் பழகிய கை அல்லவா. பிறக்காத பிள்ளையின் கை எந்த ரயிலில் வரும் என்று காத்திருப்பது? ஜோதிமணி அடுத்த ரயிலுக்குப் போய்விட்டாள், வேலை இருந்தது. இருளாயி திரும்பிப் போகவில்லை. பிசிறு வெட்டி வெட்டிக் கண் மங்கிப்போனவளுக்கு அங்கே வேலையும் இல்லை.

இப்போது செம்பொட்டலில் தாயும் மகளும்தான். கண்மாய் நிறைந்தால் நிறைகிறது, வற்றினால் வற்றுகிறது, கேட்க ஆளில்லை; கண்மாய்க்குள்ளேயே கருவேலம் ஆள் நுழைய முடியாமல் அடைத்து நிற்கிறது. தெருவில் முயல் ஓடுகிறது, அம்பலம் வீட்டுக்குள் நரி குட்டி போட்டிருக்கிறது. உள்ளதைச் சொன்னால், நரிக் குட்டிகள்தான் அந்த ஊரில் கடைசியாகப் பிறந்தவை. காலையில் இருளாயி கருவேலம் வெட்டிக் கரிக்காரனுக்குப் போடுவாள், மத்தியானம் பூட்டுத் துருப்பிடித்துத் தானாகத் திறந்துகொண்ட பள்ளிக்கூடத்தில் அடுப்புப் பற்றவைத்துச் சோறு பொங்கி, மகளை வரிசையில் நிற்கச் சொல்லி, தட்டில் போட்டு, சாப்பிடு பாப்பா என்பாள். ஜூன் மாசம் வந்தால் அனா ஆவன்னாவை அவளே சொல்லிக்கொடுக்கிறாள், ரெண்டு எழுத்து அவளுக்கே மறந்து போய்விட்டது, சுகந்திதான் எடுத்துக்கொடுக்கிறாள். மழைக்காலத்தில் இருளாயிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருக்கிறது. இழுத்து முடித்து நிமிரும்போது சுகந்தி சொம்பில் தண்ணீரோடு நிற்பாள், பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டு.

அப்படி ஒருநாள் தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள், “நீ செத்துப்போனா நெய்ப்பந்தம் நான்தான் புடிப்பேன். சோறு யாரும்மா போடுவா?”

அழாமல், பயப்படாமல், நாளைக்கு என்ன குழம்பு என்று கேட்கிற மாதிரி கேட்டாள். இருளாயி அன்றைக்குச் சாப்பிடவில்லை. திருப்பூரில் இருக்கிற ஒவ்வொருத்தர் முகமாக நினைத்துப் பார்த்தாள், ஜோதிமணியை நினைத்தாள், அவளுக்கும் வயசாகிறது, அப்புறம் யார், அதற்கப்புறம் யார் என்று எண்ணிக்கொண்டே போய் நின்ற இடத்தில் ஒருத்தரும் இல்லை. இந்தப் பிள்ளை ஆறு வயசில், கருவேலங்காட்டுக்குள், காலிச் சட்டியைப் பார்த்துக்கொண்டு, சாகவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிற காட்சி கண்ணுக்குள் வந்து நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றது.

மறுநாள் விடிந்ததும் தகரப்பெட்டியைத் திறந்து, அந்தத் தாவணியை எடுத்து, மஞ்சள் உரசி முக்கி, காயப்போட்டாள். விதைநெல்லுக்கு எங்கே போவது? கிடந்த ரேஷன் அரிசியில் உமி நீங்காத ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, சுகந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, கருவேலமுள்ளை அரிவாளால் விலக்கி விலக்கி மடைக்குப் போனாள். ஊர் செய்த தப்பை அவள் செய்யவில்லை, கெடு வைத்துத்தான் கேட்டாள். “தாயே, இவ வளந்து ஆளாகுற வரைக்கும் எனக்குச் சாவைக் குடுக்காதே,” என்று சொல்லி, தாவணி ஓரத்தில் அந்த நெல்லை வைத்து, பலம் கொண்ட மட்டும் இறுக்கி முடிந்தாள். அம்மன் கேட்டதைக் கொடுக்கிறவள். முடிந்த கையோடு நெஞ்சில் இருந்த இழுப்பு நின்றுபோனதை அவளே உணர்ந்தாள். அதற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள், கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது.

சுகந்தி முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். “இதை யாரும்மா அவுப்பா?”

பிள்ளைக்குப் பூசாரி சொன்னது நேற்றுச் சொன்னது மாதிரி ஞாபகம் இருந்தது. நாக்கு நுனியால் பல்லை முன்னும் பின்னும் தள்ளிக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பாவாடை நுனியால் அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

“அழாதம்மா. நான் உன் ரத்தம்தானே. பெரிசானதும் நானே அவுத்து விட்டுர்றேன்.”